அவ முழுகாம இருக்கா

அண்ணாச்சி, இந்த சீட்டு ஒங்களுக்கா? உக்காருங்க. பைய இன்னும் உள்ள தள்ளுங்க, நடக்கிறவனுக்கு எடைஞ்சலா வைக்கப்படாது. இன்னும் கொஞ்சம். ஆங், இப்ப சரி. தமிழ்தானே? நல்லதாப் போச்சு. விசாகப்பட்டினத்துல ரயில் ஏறுனதுல இருந்து பேச ஆளில்லாம உக்காந்திருக்கேன்.

இல்ல, தனியா வரல. குடும்பத்தோடதான் வாரேன். அந்தா, ரெண்டு தடுப்பு தள்ளி உக்காந்திருக்காக பாருங்க, எம் பொஞ்சாதியும் எம் பொண்ணும். அவக பக்கத்துல சீட்டு காலியாத்தான் கெடக்கு. "நீங்க அங்க போயி ஜன்னலோரமா உக்காருங்க"ன்னு எம் பொஞ்சாதி சொல்லிட்டா. எனக்கு வேர்த்தா ஆகாதுன்னு அவளுக்குத் தெரியும். அந்த விஷயத்துல அவளக் குத்தம் சொல்ல முடியாது.

எந்த ஊரு நீங்க? என்ன? நெல்லூரா? நெல்லூர்ல இம்புட்டு நல்லாத் தமிழ் பேசுவாகளா? ஓ, வேலூரா. அதச் சத்தமாச் சொல்லப்படாதா? இப்ப எல்லாரும் இப்படித்தான் அண்ணாச்சி, முணுமுணுன்னு வாய்க்குள்ளயே பேசுதாக. எம் பொஞ்சாதி, எம் பொண்ணு, பால்காரன், போஸ்ட்மேன், ஒருத்தருக்கும் தொண்டை இல்ல. காதுல ஒரு மெஷின் வச்சுக்கிடுங்கப்பான்னு எம் பொண்ணு சொன்னா. நான் எதுக்கு வைக்கணும்? பேசுறவன்லா சரியாப் பேசணும்.

எனக்குக் கோயில்பட்டி. பி.டி. மாஸ்டர் தவசிலிங்கம்னு பஸ் ஸ்டாண்டுல கேட்டாப் போதும், வீட்டு வாசல்ல கொண்டாந்து விட்டுருவாக. பள்ளிக்கூடத்துல காலையில பிரேயருக்கு நான் கிரவுண்டுல எறங்கி ஒரு விசில் குடுத்தேன்னா, அம்புட்டுப் பிள்ளைகளும் கப்சிப். இந்தா பாருங்க, இதான் அந்த விசிலு. பித்தளை. ரிட்டயர் ஆன அன்னைக்கு சால்வை போட்டாக, மாலை போட்டாக, இத மட்டும் நான் திருப்பிக் குடுக்கல. சட்டைப் பையில இது இல்லன்னா எனக்கு நெஞ்சு வெறுமையா இருக்கும்.

வீட்ல விசிலுக்கு வேலையே இல்ல. தெருமுனையில என் செருப்புச் சத்தம் கேட்டாப் போதும். நான் வீட்டுக்குள்ள நுழையுதப்ப டி.வி. மேல கைய வச்சாச் சூடா இருக்கும், ஆனா ஒரு சத்தம் இருக்காது. அதான் ஒழுக்கம். எம் பொஞ்சாதி பேரு பேச்சியம்மா. பேச்செல்லாம் பேருல மட்டும்தான். கல்யாணம் ஆன நாள்ல இருந்து "ம்"ங்கிறதும் "சரி"ங்கிறதும்தான் அவ பேசுனது. அப்படி ஒரு பொம்பளை கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும்.

ஒரே பொண்ணு. செண்பகம். பிசிக்ஸ்ல எம்.எஸ்சி. முடிச்சிட்டு காலேஜுல வாத்தியாரா இருக்கா. அவளுக்குத்தான் மாப்பிள்ளை பாத்துக்கிட்டிருக்கேன், சில வருஷமா. வரன் வராமயா இருந்துச்சு? வந்தது எல்லாத்துலயும் ஒரு கோளாறு. ஒருத்தன் கூனிக்கிட்டு உக்காந்தான். "நிமிந்து உக்காருலே"ன்னேன். நல்லதுக்குத்தானே சொன்னேன்? கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டான். இன்னொருத்தன் அப்பா காபிய உறிஞ்சிக் குடிச்சாரு. அத எப்படிச் சொல்லாம இருக்கிறது? இப்படியே ஒவ்வொண்ணாத் தட்டிப் போச்சு. செண்பகத்துக்கும் வயசு முப்பதத் தொடுது. இந்த வரனும் போச்சுன்னா இனி நம்ம வாசப்படிய மிதிக்க ஆளில்லன்னு பேச்சி அவ தம்பிகிட்டச் சொல்லி அழுதாளாம். எங்கிட்டச் சொல்லல. சொன்னா எனக்குச் சங்கடமா இருக்கும்னு நெனச்சிருப்பா.

இந்த வரன் வந்தது அந்தத் தம்பி மூலமாத்தான். மாப்பிள்ளைக்குப் பூர்வீகம் சாத்தூருப் பக்கம். அப்பா பேரு சீனிப்பாண்டி, நேவியில இருந்தவரு. நேவின்னா மேல மிதக்கிற கப்பல் இல்ல, தண்ணிக்கு அடியில போகும்லா, அதுல. ரிட்டயர் ஆயி விசாகப்பட்டினத்துலயே வீடு வாங்கி இருந்துட்டாரு. சம்சாரம் தவறிட்டாக. ஒரே பையன் கதிரேசன், அந்த ஊரு துறைமுகத்துல இஞ்சினியர். கோயில்பட்டிக்கு வந்து பொண்ணு பாத்தாக. பிடிச்சுப் போச்சு. அன்னைக்குப் பையன் நேரா உக்காந்தான், காபிய சத்தமில்லாமக் குடிச்சான். என்னால ஒண்ணும் சொல்ல முடியல.

"இம்புட்டுத் தூரத்துலயா பிள்ளையக் குடுக்கிறது"ன்னு நான் யோசிச்சேன். செண்பகம் சொன்னா, "எனக்குத் தூரம்தான்ப்பா பிடிச்சிருக்கு"ன்னு. கடலுன்னா சின்ன வயசுல இருந்தே அவளுக்கு ஆசை.

அப்புறம் முறைப்படி நாங்க மாப்பிள்ளை வீடு பாக்கப் போகணும்லா? வீடு பாக்கப் போறதுக்குப் பொண்ணு வர மாட்டா, அது வழக்கமில்ல. இவ "நானும் வருவேன்"னு நின்னா. "நான் இருக்கப் போற வீடு, நான் பாக்க வேண்டாமா"ன்னு கேக்கா. நான் பெருந்தன்மையா விட்டுட்டேன். எவர்சில்வர் தாம்பாளம், வெத்தலை பாக்கு, பழம், பூ எல்லாம் பேச்சி பையில கட்டி எடுத்துக்கிட்டா. வீடு பிடிச்சிருந்தா அங்கனயே தட்டு மாத்திட்டு வந்துரலாம்னு ஏற்பாடு.

போனோம். வீட்டுக்கு என்ன, சின்ன வீடு, சுத்தமா இருக்கு. ஆனா அண்ணாச்சி, அந்த வீட்ல ஒரு பொருளும் சத்தம் போடாது. கதவு சத்தம் போடாது, தட்டு சத்தம் போடாது. சீனிப்பாண்டி அதுக்கு மேல. காதுக்குள்ள ரகசியம் சொல்லுத மாதிரிதான் பேசுதாரு. தண்ணிக்கடியில இருந்து அப்படியே பழகிப் போச்சாம். "சத்தமாச் சொல்லுங்க"ன்னு நாலு தடவ சொல்லிப் பாத்தேன். சிரிச்சாரு. சிரிப்பும் கேக்கல. பேச்சியும் செண்பகமும் மட்டும் அவரு பேசுறதுக்கெல்லாம் தலையாட்டிக்கிட்டிருந்தாக. அவகளுக்கு என்ன கேட்டிருக்கும், மரியாதைக்கு ஆட்டிருப்பாக.

சாப்பிட்டு முடிச்சதும் அவரு சொன்னாரு, "சம்பந்தி, வீடு பாக்க வந்தீக. என் பழைய வீட்டையும் ஒரு எட்டு பாத்துருங்க"ன்னு. தட்டு மாத்தல, அதுக்குள்ள சம்பந்தியாம். சரி, பழைய வீடுன்னா அதுவும் சொத்துதானே, பாத்துருவோம்னு கெளம்புனேன். காரு நேரா கடற்கரைக்குப் போகுது. அங்க மணல்ல ஒரு பெரிய கறுப்புக் கப்பல ஏத்தி நிறுத்தி வச்சிருக்காக. அவரு வேலை பாத்த நீர்மூழ்கியாம். பழசாப் போனதும் மியூசியம் ஆக்கிட்டாகளாம்.

எனக்குச் சுருக்குன்னுச்சு. நல்ல காரியம் பேச வந்த எடத்துல, பேருலயே மூழ்கின்னு இருக்கிறதுக்குள்ள போயி நுழையலாமா? மணியப் பாத்தேன், நல்லவேளை ராகு காலம் முடிஞ்சிருந்துச்சு. வாசல்லயே எல்லாரையும் நிறுத்தி வச்சுச் சொல்லிட்டேன். "இந்தா பாருங்க, இன்னைக்கு நாம வந்த காரியம் வேற. உள்ள போனதும் மூழ்குச்சு, முழுகுதுன்னு ஒரு வார்த்தை யார் வாயில இருந்தும் வரப்படாது. புரிஞ்சுதா"ன்னேன். சீனிப்பாண்டி ரொம்பப் பணிவா "சரி சம்பந்தி, சொல்லல"ன்னாரு. அதுக்கப்புறமும் அவரு ஏதோ கப்பலக் காட்டி விளக்கிக்கிட்டிருந்தாரு. நான் கவனிக்கல. டிக்கெட் எடுக்கிற எடத்துல ஒருத்தன் குறுக்கால நுழையுதான், ஒருத்தன் வெளிய நிக்கான், வரிசைன்னு ஒண்ணு கெடையாது. அத நான் சரி பண்ணிக்கிட்டிருந்தேன். தெலுங்குல எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. விசிலுக்குப் பாஷை எதுக்கு?

உள்ள போனா, அண்ணாச்சி, கப்பலா அது? நீளமா ஒரு இரும்புக் கொழாய். ரெண்டு பக்கமும் குழாயும் சக்கரமும் வயரும். ஒரு அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவுல கதவு கெடையாது, வட்டமா ஒரு ஓட்டை. கால முதல்ல விட்டு, தலையக் குனிஞ்சு நுழையணும். நான் யாருக்கும் தலை குனிஞ்சவன் இல்ல. ரெண்டு எடத்துல மண்டையில இடிச்சுச்சு.

குண்டு வச்சிருக்கிற எடத்துக்கு மேலயே படுக்கை. ஒருத்தன் எந்திரிச்சு வேலைக்குப் போனா அந்தச் சூட்டோட இன்னொருத்தன் படுத்துக்கிடணுமாம். குளிக்கத் தண்ணி கெடையாதாம். அதெல்லாம் கூடப் பரவாயில்ல. சீனிப்பாண்டி ஒண்ணு சொன்னாரு, அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சுது. எதிரிக் கப்பல் தலைக்கு மேல வந்துச்சுன்னா இவுக எல்லாத்தையும் நிறுத்திருவாகளாம். காத்தாடி நின்னுரும். செருப்பக் கழட்டிருவாக. பேச்சு கெடையாது. சமையக்காரன் கரண்டியக் கீழ வைக்க மாட்டான், கையிலயே பிடிச்சுக்கிட்டு நிப்பான். தும்மல் வந்தா முழுங்கிரணும். மேல இருக்கிறவன் கடந்து போற வரைக்கும் அப்படியே வேர்த்துக்கிட்டு உக்காந்திருப்பாகளாம்.

அதுக்குச் செண்பகம் சொன்னா, "எங்க வீட்லயும் அப்பா செருப்புச் சத்தம் கேட்டா அப்படித்தான் மாமா"ன்னு.

எனக்குப் பெருமையாப் போச்சு. நம்ம வீட்டு ஒழுக்கத்த ராணுவத்தோட சேத்து வச்சுப் பேசுதா பாருங்க, அதுவும் மாப்பிள்ளை வீட்டுக்காரவுக முன்னால. கதிரேசன் தலையக் குனிஞ்சுக்கிட்டான். மரியாதை தெரிஞ்ச பையன்.

அடுத்த அறையில ஒரு குழாய் நிக்கி, அதுக்குள்ள கண்ண வச்சா வெளிய கடல் தெரியும். பெரிஸ்கோப்பு. தண்ணிக்கு மேல அந்த ஒத்தக் கண்ண மட்டும் நீட்டி, எதிரி போயிட்டானான்னு பாத்துக்கிடுவாகளாம். பேச்சி அதுல கண்ண வச்சவ எடுக்கவே இல்ல. "என்ன பேச்சி தெரியுது"ன்னு கேட்டேன். அப்ப அவ வாயத் தொறந்து, என்னப் பாத்து இல்ல, சீனிப்பாண்டியப் பாத்துச் சொல்லுதா, "எங்க அடுப்படியில ஒரு சன்னல் இருக்கு அண்ணே. நானும் இப்படித்தான் ஒரு கண்ண மட்டும் வச்சுத் தெருவப் பாப்பேன். இவுக போயிட்டாகளா, திரும்பி வாராகளான்னு."

கேட்டீகளா? புருஷன் எப்ப வருவான் எப்ப வருவான்னு சன்னல்ல காத்துக் கெடந்திருக்கா. இம்புட்டு வருஷத்துல எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல. கண்ணத் தொடச்சுக்கிட்டேன் அண்ணாச்சி. அதக் காட்டிக்கிடக் கூடாதுன்னு நான் பின்னாலயே நின்னுட்டேன். அவக முன்னால போயிட்டாக.

அங்கதான் வந்துச்சு வினை.

நான் ஒரு படுக்கையில உக்காந்து முகத்தத் தொடச்சுக்கிட்டிருக்கேன். அவக அந்த வட்ட ஓட்டைக்கு அந்தப் பக்கம். சீனிப்பாண்டி குரல் வருது. இரும்புக் கொழாய்லா, அவரு முணுமுணுப்பு கூட எதிரொலிச்சு வருது. முழுசாக் கேக்கல, ஆனா கேட்டது தெளிவாக் கேட்டுச்சு. "அவ முழுகாம இருக்கா"ங்காரு. அப்புறம் என்னமோ. "வெளிய இருந்து பாக்கிறவகளுக்கு ஒண்ணும் தெரியாது"ங்காரு. எம் பொண்ணு குரல் வருது, "பாவம்"னு. கதிரேசன் சொல்லுதான், "அழாதீகப்பா, எல்லாரும் பாக்காக"ன்னு.

ஒங்களுக்கு என்ன தோணும், சொல்லுங்க. தமிழ் தெரிஞ்ச ஆளுதானே நீங்க? முழுகாம இருக்கான்னா என்ன அர்த்தம்? பச்சப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். எங்க கூட்டத்துல பொம்பளைங்க ரெண்டே பேருதான். பேச்சிக்கு வயசு போயிருச்சு. மிச்சம் யாரு? வெளிய இருந்து பாத்தாத் தெரியலையாம். மாப்பிள்ளையோட அப்பா அழுதாராம். இவ பாவமாம். தூரமான எடம்தான் பிடிச்சிருக்குன்னாளே, வீடு பாக்க நானும் வருவேன்னு நின்னாளே, எல்லாம் ஒண்ணொண்ணா வந்து மண்டையில ஏறுது.

என்ன செய்வேன்? கை தானாச் சட்டைப் பைக்குப் போச்சு. விசில எடுத்து ஊதிட்டேன்.

கிரவுண்டுல ஊதுறது வேற அண்ணாச்சி. இரும்புக் கொழாய்க்குள்ள ஊதிப் பாத்தாத்தான் அதோட பவரு தெரியுது. முன்னால இருந்து பின்னால வரைக்கும் போயிட்டு, திரும்ப எங்கிட்டயே வந்துச்சு. அம்புட்டுப் பேரும் காதப் பொத்திக்கிட்டு அப்படியே நிக்காக. கைப்பிள்ளை ஒண்ணு வீல்னு கத்துது. நான் அந்த ஓட்டைக்குள்ள தலைய விட்டு, "எவ முழுகாம இருக்கா? செண்பகம், நீயா? எத்தனை மாசம்?"னு கேட்டேன். இதே குரல்லதான் கேட்டேன்.

அந்த நேரம் பாத்து உள்ள ஒரு சுற்றுலா பஸ் கூட்டம். அம்புட்டும் தமிழ் ஆளுக, கரூர்ல இருந்து வந்தவுகளாம். எல்லாரும் எம் பொண்ணத் திரும்பிப் பாக்காக. ஒரு அம்மா கிட்ட வந்து அவ தலையத் தடவி, "நல்லா இரும்மா, இந்த நேரத்துல இப்படி இண்டு இடுக்குல எல்லாம் ஏறி எறங்கப்படாது"ன்னு புத்தி சொல்லுது. அந்த அம்மாவோட புருஷன் வந்து கதிரேசன் கையப் பிடிச்சுக் குலுக்குதாரு.

செண்பகம் அழல. கத்தல. அங்கன நின்ன இரும்புச் சுவத்துல கைய வச்சு, "கப்பல்ப்பா"ன்னா.

"என்ன கப்பலு?"

"'அவ'ன்னு மாமா சொன்னது கப்பல. நேவியில கப்பலப் பொம்பளையாத்தான் சொல்லுவாக. வாசல்லயே சொன்னாரே."

நான்தான் வாசல்ல வரிசைய ஒழுங்குபடுத்திக்கிட்டிருந்தேனே, எனக்கு எப்படிக் கேக்கும்? சரி, பொம்பளையாவே இருந்துட்டுப் போகட்டும், முழுகாம இருக்கான்னு எதுக்குச் சொல்லணும்? சீனிப்பாண்டியப் பாத்துக் கேட்டேன். அவரு கண்ணு இன்னும் ஈரமாத்தான் இருந்துச்சு. கையக் கூப்பிக்கிட்டு எங்கிட்ட வந்து, காதுகிட்டச் சொன்னாரு. "நீங்கதான் சம்பந்தி, முழுகுதுன்னு சொல்லப்படாதுன்னீக. இவ கடலுக்கு அடியில போயி எம்புட்டோ வருஷமாச்சு. இனிமே போகவும் மாட்டா. அத நல்ல வார்த்தையாச் சொல்லணும்னுதான் முழுகாம இருக்கான்னு சொன்னேன். ஊரை விட்டு வந்து ரொம்ப நாளாச்சு, என் தமிழ் துருப்பிடிச்சிருச்சு. மன்னிச்சிருங்க."

எப்படி இருக்கு பாருங்க. அபசகுனமாப் பேசாதீகன்னு நான் சொன்னது என் குத்தமா? வார்த்தைக்கு அர்த்தம் தெரியாம வாயில வந்ததப் பேசிட்டு, பழி எம்மேலயா? ஆனா ஒண்ணு, மன்னிப்புக் கேட்டுட்டாரு. அதுக்காக அவர மெச்சணும்.

அப்பதான் செண்பகம் என்னப் பாத்து ஏதோ சொன்னா. உதடு அசைஞ்சுது. ரொம்ப மெதுவா. அந்தக் கைப்பிள்ளை அழுகையில எனக்குக் கேக்கல. "என்னட்டி சொன்ன? சத்தமாச் சொல்லு"ன்னேன். திருப்பிச் சொல்லல. இப்ப வரைக்கும் சொல்லல. பக்கத்துல நின்ன கதிரேசனுக்குக் கேட்டுருச்சு, அவன் மூஞ்சி மாறிருச்சு. பேச்சிக்கும் கேட்டுருச்சு. அவ அப்படியே பொண்ணு தோள்ல கைய வச்சா. என்ன சொல்லிருப்பா? அப்பாவக் கலவரப்படுத்திட்டேனே, மன்னிச்சிருங்கன்னுதான் சொல்லிருப்பா. வேற என்ன சொல்லப் போறா, சொல்லுங்க.

என்ன அப்படிப் பாக்கீக?

எனக்கும் ஒரு மானம் இருக்குல்லா. இம்புட்டுப் பேரு முன்னால தலைகுனிய வச்சுட்டாக. "இந்தச் சம்பந்தம் வேண்டாம். எல்லாரும் வெளிய நட"ன்னு சொல்லிட்டேன். சொல்லிட்டு ஊருக்குக் கெளம்புதோம்னு காட்டுறதுக்கு இன்னொரு விசில் குடுத்தேன். அதுதான் தப்பாப் போச்சு. காவலுக்கு நின்ன ரெண்டு பேரு வந்து, வெளிய ஒரு அறை இருக்கு, அங்க கூட்டிட்டுப் போயி உக்கார வச்சுட்டாக. மரியாதையாத்தான் நடத்துனாக. தண்ணி குடுத்தாக. விசில மட்டும் வாங்கி மேசை மேல வச்சுக்கிட்டாக. நான் அவகளுக்கு ஒழுக்கம்னா என்ன, வரிசைன்னா என்ன, ஒரு பள்ளிக்கூடத்த எப்படிக் கட்டுப்பாட்டுல வச்சிருந்தேன்னு எல்லாம் விளக்கிச் சொன்னேன். அவகளுக்குத் தமிழ் தெரியாது, இருந்தாலும் கடைசி வரைக்கும் கேட்டாக. கடைசியில பெரிய ஆபீசரு ஒருத்தரு வந்து விசில எங்கிட்டயே குடுத்து, கையெடுத்துக் கும்பிட்டு, போயிட்டு வாங்கன்னு வழி காட்டுனாரு. அந்த ஊர்ல என் அருமை தெரிஞ்சது அவருக்கு மட்டும்தான்.

வெளிய வந்து பாக்கேன். கப்பலு நெழல்ல, மணல்ல, எல்லாரும் உக்காந்திருக்காக. நடுவுல எங்க எவர்சில்வர் தாம்பாளம். அதுக்குப் பக்கத்துல இன்னொரு தட்டு, கடற்கரையில பொரி விக்கிறவன்கிட்ட வாங்குன அலுமினியத் தட்டு, அதுல ரெண்டு தேங்காயும் ஒரு முழம் பூவும். கரூர்க் கூட்டம் சுத்தி நிக்கி. அந்த அம்மா குலவை போடுது. தட்டு மாத்தியாச்சு அண்ணாச்சி. எம் பொண்ணுக்கு, நான் இல்லாம, பேச்சியே எந்திரிச்சு நின்னு மாத்தியிருக்கா. "ம்"முன்னும் "சரி"ன்னும் தவிர வேற தெரியாதவ.

நான் கிட்டப் போயி வாயத் தொறந்தேன். பேச்சி என்னய நிமிந்து பாத்தா. நல்லாச் சத்தமாத்தான் சொன்னா, எனக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டுச்சு. "தட்டு மாத்தியாச்சு. நல்ல காரியம் முடிஞ்ச எடத்துல அபசகுனமா ஒரு வார்த்தை வரப்படாது."

சொன்னது சரிதானே? முறைன்னா முறைதான். அதுக்கப்புறம் நான் ஒண்ணும் பேசல. பேசியிருப்பேன், எனக்கு என்ன பயமா? அபசகுனம்னு ஒண்ணு இருக்குல்லா, அதுக்குக் கட்டுப்பட்டுத்தான் சும்மா இருந்தேன். அப்புறம் யோசிச்சுப் பாத்தா, என் நேரம் வீணாகக் கூடாது, நான் ஆபீசர்மாரோட பேசிக்கிட்டிருக்கேன்னுதான் அவக முடிச்சிருப்பாக.

கல்யாணம் தை மாசம். விசாகப்பட்டினத்துலயே வச்சுக்கிடலாம்னு பேசிருக்காக. கோயில்பட்டியில மண்டபத்துக்கா பஞ்சம்? கேட்டேன். கல்யாணம் முடிஞ்சு பேச்சியும் கொஞ்ச காலம் மகளோட இருந்துட்டு வருவாளாம். குடித்தனம் வச்சுக் குடுக்கணும்லா. எம்புட்டு நாளுன்னு கேட்டேன், பேச்சி மணலத் தட்டிக்கிட்டு எந்திரிச்சா. சமையலுக்கு நான் பாத்துக்கிடுவேன், அது ஒண்ணும் பெரிய விஷயமில்ல. தெருமுனையில திரும்புதப்ப அடுப்படிச் சன்னல்லதான் ஆள் இருக்காது.

என்ன அண்ணாச்சி? அங்கயா? சிரிப்புச் சத்தமா? எனக்கு ஒண்ணும் கேக்கலையே. எம் பொண்ணா சிரிக்கா? பேச்சியுமா? அவளுக்குச் சிரிக்கத் தெரியுமா? இருங்க, என்னன்னு ஒரு எட்டு பாத்துட்டு வாரேன்.

...

ஒண்ணுமில்ல. சும்மாதான் உக்காந்திருக்காக. நான் போயி நின்னதும் ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் சன்னல்ல பாக்காக. நீங்க வேற யாரு சத்தத்தையோ கேட்டிருக்கீக.

என்னது? நான் வந்து உக்காந்ததும் திரும்பச் சிரிக்காகளா?

இல்ல, இருக்காது. அந்தா பாருங்க, அந்தத் தடுப்புக்குப் பக்கத்துல. பேச்சி தலைய நீட்டி எட்டிப் பாக்கா. ஒரு கண்ணு மட்டும் தெரியுது பாருங்க. நான் தூங்கிட்டேனான்னு பாக்கா. போறப்பவும் இப்படித்தான் வழி நெடுகப் பாத்துக்கிட்டே வந்தா. எம்மேல அம்புட்டு அக்கறை.

அண்ணாச்சி, ஒரு சின்ன உதவி. இந்த விசிலக் கொஞ்ச நேரம் வச்சுக்கிடுங்க. சாஞ்சு படுத்தா நெஞ்சுல குத்துது. நான் சும்மா கண்ண மூடிக்கிடுதேன். தூங்க மாட்டேன். அவக அங்க பேசுதாகளா, செண்பகம் சிரிக்காளான்னு கேட்டு, எங்கிட்ட மெதுவாச் சொல்லுங்க. இல்ல, மெதுவாச் சொன்னா எனக்குக் கேக்காது. கையத் தொட்டுச் சொல்லுங்க. அவகளுக்குக் கேட்டுரப்படாது.